ஓடிப்போவதற்கு ஒரு பேக்கேஜ்

1

வருகிற வெள்ளிக்கிழமையோடு நான் ஓடிப்போய் ஒரு வருடம் ஆகிறது. அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. என்னோடு வந்தவருக்கு ஐம்பத்து நான்கு. இரண்டு பேருக்கும் சர்க்கரை. மாத்திரைப் பெட்டிகள் மாறிவிடக்கூடாதே என்று அவருடையதில் நீல நூல் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போகிற பெண்கள் கைப்பையில் என்ன வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னுடையதில் மாத்திரையும் மஞ்சள் கயிறும் அட்டெஸ்டேஷன் செய்த பழைய சான்றிதழ்களும் இருந்தன.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் கோமதி. ஊர் சங்கரன்கோவில் பக்கம். இருபத்தாறு வருடமாக ஷார்ஜாவில் இருக்கிறேன். ரோலா பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸ் வேலை. என் கணவர் முருகேசன் இங்கே ஒரு கிடங்கில் சூப்பர்வைசராக இருந்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் டியூட்டியில் இருக்கும்போதே நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். மகள் நிவேதா அப்போது ஏழாம் வகுப்பு.

அவரை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துக் காரியமெல்லாம் முடிந்ததும் என் அண்ணன் சொன்னான்: "போதும்ட்டி. இனி அங்க போய் என்ன செய்யப் போற? இங்கயே கெட. நாங்க பாத்துக்கிடுதோம்."

அண்ணன் நல்லவன். மனதாரத்தான் சொன்னான். ஆனால் "கெட" என்ற அந்த ஒரு சொல் எனக்குப் பயமாக இருந்தது. அந்த வீட்டில் எனக்கு ஒரு மூலை ஒதுக்கியாகிவிட்டது தெரிந்தது. நாற்பதாவது நாள் மகளை அழைத்துக்கொண்டு ஷார்ஜா திரும்பினேன். கிளினிக்கில் என்னைப் பார்த்ததும், எங்களுக்கு விசா வேலை பார்க்கிற மலையாளி பி.ஆர்.ஓ., ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. மகளின் விசாவை என் பெயருக்கு மாற்றுகிற தாள்களை நிரப்பி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் மட்டும் பென்சிலால் புள்ளி வைத்து நீட்டினார். அந்தப் புள்ளிகளை இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற நேரத்தில், இங்கே கையெழுத்துப் போடு, அடுத்து இங்கே போடு என்று ஒரு மனிதர் காட்டிக்கொடுத்தார்.

2

யோகராசா கிளினிக்குக்கு வந்தது கையில் தீக்காயத்தோடு. எலக்ட்ரீஷியன். மின்பலகையில் பொறி வெடித்து வலது உள்ளங்கை வெந்திருந்தது. பன்னிரண்டு நாள் தொடர்ந்து கட்டு மாற்ற வரவேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார்.

முதல் நாள் அவர் கேட்டது: "மிஸ்ஸி, நோகுமா?"

மிஸ்ஸி யார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். இலங்கையில் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவர் மட்டக்களப்புப் பக்கத்துக்காரர், ஊர் களுவாஞ்சிக்குடி. "வலிக்குமான்னு கேக்கீங்களா?" என்றேன். "ஓம்," என்றார். நான் ஆயிரம் பேருக்குச் சொன்ன அதே பொய்யை அவருக்கும் சொன்னேன்: "வலிக்காது."

துணியைப் பிரித்தபோது அவர் முகம் சுருங்கியது. முடிந்ததும் நிதானமாகச் சொன்னார்: "நொந்தது. ஆனா நீங்க நோகாது எண்டு சொன்னது உதவியா இருந்திச்சு."

இருபது வருட வேலையில் அந்தப் பொய்க்கு யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை.

பன்னிரண்டு நாளில் அவர் கதை கொஞ்சம் தெரிந்தது. சண்டைக் காலத்தில் அப்பா போய்விட்டார். மூன்று தங்கைகள். இருபத்து நான்கு வயதில் கத்தாருக்குப் போய், பிறகு ஷார்ஜாவுக்கு வந்தவர், தங்கைகளின் கல்யாணம் ஒவ்வொன்றாக முடிவதற்குள் நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டார். தனக்குப் பார்க்க மறந்துவிட்டதாகச் சொன்னார், கடையில் உப்பு வாங்க மறந்ததைப் போல.

காயம் ஆறிய பிறகும் வந்தார். பதின்மூன்றாம் நாள் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்றார். அழுத்தம் சரியாக இருந்தது. அடுத்த வாரம் காது அடைப்பு. என்னோடு வேலை பார்க்கிற மரிசெல், பிலிப்பைன்ஸ்காரி, டோக்கன் கொடுக்கும்போதே சிரிப்பாள். "சிஸ்டர், உங்க பேஷன்ட் வந்துட்டார். இன்னைக்கு என்ன வியாதியோ!"

பிறகு அவருக்கு ஓமானில் சோஹார் துறைமுகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஆன்லைனில் விசா எடுத்து, பஸ் ஏறி, எல்லையில் இறங்கி வரிசையில் நின்று முத்திரை வாங்கி ஷார்ஜா வருவார். என்னோடு ஒரு டீ குடிப்பார். மறுபடி பஸ் ஏறுவார். ஒரு டீக்கு நான்கு முத்திரை. இரண்டு வருடத்தில் அவருடைய பாஸ்போர்ட் தாள் தீர்ந்துபோய்ப் புதியது எடுக்க வேண்டியதாயிற்று. எம்பசியில் "அடிக்கடி எங்கே போகிறீர்கள்" என்று கேட்டதற்கு "தேத்தண்ணி குடிக்க" என்றாராம்.

புது பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டின அன்றைக்குத்தான், "கோமதி, நாம கலியாணம் செய்வமா?" என்று கேட்டார்.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துச் சொன்னேன்.

3

இனி எப்படிச் செய்வது? அவர் இலங்கைக் குடிமகன், நான் இந்தியக் குடிமகள், இருப்பது மூன்றாவது நாடு. நான் விதவை, அவர் மணமாகாதவர். எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும். விசாரித்தபோது, நம் தூதரக வழியில் செய்தால் எங்கள் பெயரையும் படத்தையும் அறிவிப்பாக ஒட்டி முப்பது நாள் காத்திருக்க வேண்டும் என்றார்கள், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்வதற்காக.

நான் சிரித்துவிட்டேன். எங்கள் பக்கத்து ஆட்கள் பாஸ்போர்ட் வேலைக்கு வந்துபோகிற இடம் அது. என் படத்தை அங்கே பார்த்தால் முப்பது நாள் வேண்டாம், மூன்று மணி நேரத்தில் சங்கரன்கோவிலுக்குச் செய்தி போய்விடும். அண்ணனின் ஆட்சேபம் விமானத்தில் வந்து இறங்கும்.

அப்போது மரிசெல்தான் வழி சொன்னாள். அவளும் அவள் கணவரும் வேறு வேறு மதம். ஜார்ஜியா நாட்டுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர்கள். வளைகுடாவில் குடியிருப்பு அட்டை இருந்தால் அங்கே தனியாக விசா வேண்டாம். பாஸ்போர்ட், மொழிபெயர்த்த சான்றிதழ்கள், இரண்டு சாட்சிகள் போதும். மூன்றரை மணி நேர விமானம்.

"சிஸ்டர், எலோப்மென்ட் பேக்கேஜ் எடுங்க," என்றாள். மொபைலில் ஒரு பயண முகவரின் பக்கத்தைக் காட்டினாள். பனிமலை, தேசியப் பூங்கா, வெள்ளை உடுப்பில் ஒரு ஜோடி. கீழே வரிசையாக எழுதியிருந்தது: மலைப் பூங்காவில் சடங்கு, அதற்கான அனுமதி, கார், சாட்சிகள் இருவர், காலை உணவு.

ஓடிப்போவது என்றால் எங்கள் ஊரில் விடிவதற்கு முன்னால் பஸ் ஏறுவது. பிறகு போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு வீட்டாரும் கத்திக்கொண்டு நிற்பது. என் பள்ளித்தோழி ஒருத்தி அப்படிப் போனாள். எட்டு வருடம் அவளை வீட்டில் சேர்க்கவில்லை. இங்கே அதற்குக் காலை உணவும் சாட்சியும் சேர்த்துத் தருகிறார்கள்.

யோகராசாவுக்கு அந்தப் பனிமலை பிடித்துவிட்டது. "முப்பது வருஷம் வெயிலுக்க வேலை செய்திட்டன். கலியாணமாவது குளிருக்க நடக்கட்டும்," என்றார்.

4

அடுத்த நான்கு மாதம் திட்டமிடலிலேயே போயிற்று. இந்த ஊரில் வேலைக்குப் போகிறவர்கள் ஓடிப்போவதாக இருந்தாலும் லீவு எழுதிக் கொடுத்துத்தான் போக வேண்டும். எனக்கு லீவு கிடைத்த வாரத்தில் அவருக்குத் துறைமுகத்தில் கப்பல் நெரிசல். அவருக்குக் கிடைத்த வாரத்தில் எங்கள் கிளினிக்கில் சுகாதாரத் துறை ஆய்வு. கடைசியில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஐந்து நாள் கிடைத்தது.

முருகேசனின் இறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்கக் கொடுத்த நாள் கஷ்டமாக இருந்தது. டைப்பிங் சென்டர் பையன் அதை வாங்கி ஸ்கேனரில் கவிழ்த்து மூடினான். வெளிச்சம் ஒரு முறை ஓடியது. இந்தத் தாளை வாங்க ஒரு காலத்தில் எத்தனை வாசல் ஏறினேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அவர் உடலை ஊருக்கு அனுப்ப அது தேவைப்பட்டது. இன்றைக்கு நான் கல்யாணம் செய்துகொள்ள அதுவே தேவைப்படுகிறது. வெளியே வந்து காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு டியூட்டிக்குப் போனேன்.

பூங்கா அலுவலகத்திலிருந்து அனுமதிக் கடிதம் வந்தது. கூடவே விதிகள். ஒலிபெருக்கி கூடாது. செடியில் பூப் பறிக்கக் கூடாது. தீ மூட்டக் கூடாது. அரிசியோ வேறு தானியமோ தூவக் கூடாது, பறவைகளுக்கு ஆகாது. பத்துப் பேருக்கு மேல் கூடாது.

இதை யோகராசாவுக்கு போனில் வாசித்துக் காட்டினேன். "மேளம் இல்ல, பூ இல்ல, நெருப்பு இல்ல, அரிசி இல்ல. மிச்சம் என்ன இருக்கு?"

"நாம ரெண்டு பேரும் இரிக்கிறம்," என்றார்.

என் முதல் கல்யாணத்துக்கு எண்ணூறு பேர் வந்திருந்தார்கள். ஓமப் புகையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. முருகேசனின் முகத்தை நான் சரியாகப் பார்த்ததே மறுநாள் மத்தியானம் ரசம் ஊற்றும்போதுதான். நல்ல முகம். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பத்துப் பேருக்கு மேல் கூடாது என்ற விதியைப் படித்தபோது மனதுக்குள் ஒரு நிம்மதி வந்ததையும் மறைக்க விரும்பவில்லை.

எல்லாம் திட்டமிட்டேன். ஒன்றை மட்டும் செய்யவில்லை. நிவியிடம் சொல்லவில்லை.

நிவி கனடாவில் படித்து முடித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஷார்ஜாவில் வளர்ந்த பிள்ளை. தமிழ் பேசுவாள், நான்கு சொல்லுக்கு மேல் போனால் ஆங்கிலம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். குளிரா, குளிர். வேலை எப்படி, busy. அதற்குள் அவளுக்கு வேறு போன் வந்துவிடும். மூன்று முறை சொல்லலாம் என்று வாயெடுத்தேன். ஒரு முறை அவள் பல் வலி என்றாள். ஒரு முறை நெட் அறுந்தது. மூன்றாவது முறை எந்தத் தடையும் இல்லை. தைரியம்தான் இல்லை.

5

என் மின்னஞ்சல் கணக்கை எனக்குத் திறந்துகொடுத்தவளே நிவிதான், பத்தாம் வகுப்புப் படிக்கும்போது. அது அவளுடைய லேப்டாப்பிலும் திறந்தே இருந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது.

ஒரு மத்தியானம் கிளினிக்கில் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது போன் விடாமல் அடித்தது. அவளுக்கு அப்போது விடிகாலை. பயந்துபோய் எடுத்தேன்.

"அம்மா, உன் கார்டை உடனே block பண்ணு! யாரோ உன்னை scam பண்றாங்க. உன் பேர்ல ஒரு mail வந்திருக்கு. Congratulations, your mountain elopement is confirmed-னு. யாரோ யோகராசா-வாம். யார்மா அது?"

ஆமாம், மோசடிதான் என்று சொல்லியிருக்கலாம். அந்த நொடியில் சொல்லத்தான் தோன்றியது. மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"அது scam இல்ல நிவி."

மெதுவாக, "Elope-ஆ? நீயா?" என்றாள். அதற்கப்புறம், "Elope-னா தமிழ்ல என்ன சொல்லுவாங்க?"

"ஓடிப்போறது," என்றேன்.

"யார்கிட்டேர்ந்து ஓடுறே? என்கிட்டேர்ந்தா?"

தமிழ் சரியாகத் தெரியாத பிள்ளை கேட்ட கேள்வி அது. அண்ணனிடமிருந்து, ஊரிடமிருந்து என்று எத்தனையோ பதில் வைத்திருந்தேன். உண்மையில் எனக்கு அதிகம் பயம் அவளிடம்தான்.

"அப்பா ஃபோட்டோவை எடுத்துடுவியா?" என்று கேட்டாள். குரல் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் குரல்.

"எடுக்க மாட்டேன். அது ஹால்லதான் இருக்கும்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த மூன்று ஞாயிறும் அவள் வரவில்லை. நான் அனுப்பிய செய்திகளைப் பார்த்ததற்கான அடையாளம் மட்டும் விழும். யோகராசாவிடம் சொன்னேன். அவர் அந்த வாரம் முறை இல்லாத வாரமாக இருந்தும் பஸ் ஏறி வந்தார். டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நிப்பாட்டுவம் கோமதி. பிள்ளைட மனம் நொந்து நமக்கொரு கலியாணம் தேவையில்ல. நான் ஓடிப்போக மாட்டன், இங்கதான் இரிக்கிறன். பொறுப்பம். ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ."

"பிள்ள சம்மதிக்கவே இல்லைன்னா?"

"அப்பிடியெண்டா தேத்தண்ணியோட இருப்பம்."

அவரை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவளுக்குப் புரியவேண்டுமே என்று எளிய தமிழில் ஒரு குரல் பதிவு அனுப்பினேன். பதினொரு நிமிடம் பேசியிருக்கிறேன். உன்னிடம் மறைத்தது தப்பு, மன்னித்துக்கொள் என்று தொடங்கினேன். உன் அப்பாவுக்குப் பதிலாக யாரையும் கொண்டுவரவில்லை என்றேன். நீ வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன் என்றும், அதற்காக உன்மேல் கோபம் வராது என்றும் சொன்னேன். ஆனால் டியூட்டி முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது, உள்ளே யாராவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று தினமும் நினைக்கிறேன் என்றும் சொன்னேன். இதை அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்: "நான் வரமாட்டேன். I'm not ready. ஆனா நீ cancel பண்ணாதே. Jacket எடுத்துட்டுப் போ. அங்க ரொம்ப cold."

மரிசெல் அன்றைக்கே தன்னுடைய ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

6

ஜார்ஜியாவில் எங்களை அழைத்துப்போக வந்த பெண்ணின் பெயர் நானா. நாற்பது வயதிருக்கும், காரும் ஓட்டுவாள், சாட்சிக் கையெழுத்தும் போடுவாள். விமான நிலையத்தில் அவள் தன் நெஞ்சைத் தொட்டு "நானா" என்றதும் யோகராசா திகைத்தார். அவர் ஊர்ப் பக்கம் முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்களாம். ஐந்து நாளும் அவளைக் கூப்பிடும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வந்தது.

தலைநகரத்தில் ஓர் அலுவலகத்தில் பதிவு முடிந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண், தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கள் பிறந்த தேதிகளைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. முத்திரையைக் குத்தி, சிரித்துக்கொண்டே கொடுத்தாள். அரை மணி நேரம். எனக்கு நம்பவே முடியவில்லை.

மறுநாள் மலைக்குக் கிளம்பினோம். மூன்று மணி நேரப் பயணம். படத்தில் பார்த்த பனிமலையைப் பார்க்க யோகராசா கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஏற ஏற மூடுபனி. பூங்கா வாசலில் இறங்கியபோது பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பூங்காக் காவலர் ஒருவர் கம்பளித் தொப்பியோடு வந்து, மேலே பாறை சரிந்திருக்கிறது, புல்வெளிக்குப் போக வழியில்லை, இங்கேயே வாசலருகில் செய்துகொள்ளுங்கள் என்றார். நான்கு மாதம் திட்டமிட்ட இடம் அந்த வெள்ளைக்குள் எங்கேயோ இருந்தது.

"மலை எங்க?" என்று கேட்டேன். நானா ஒரு பக்கம் கை நீட்டினாள். காவலர் வேறு பக்கம் நீட்டினார்.

பட்டுச்சேலைக்குள் கம்பளி உள்ளாடை, மேலே மரிசெலின் ஆரஞ்சு ஜாக்கெட். யோகராசா வேட்டிக்குக் கீழே இரண்டு பேன்ட் போட்டிருந்தார். சடங்கு நடத்த வந்த முதியவர் ஆங்கிலத்தில் எழுதிவைத்ததை நடுங்கிக்கொண்டே வாசித்தார். முந்தின நாள் பதிவில் இரண்டாவது சாட்சியும் அவர்தான். "யோகா... ராசா," என்று அவர் பெயரை இரண்டாக உடைத்து, இந்தப் பெண்ணை மனமார ஏற்கிறீர்களா என்று கேட்டார்.

யோகராசா கண்ணை மூடி, நீளமாகச் சொன்னார்: "ஓம்."

முதியவர் காகிதத்தைத் தாழ்த்தினார். தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். நானா கைகூப்பினாள். காவலர் தொப்பியைக் கழற்றிவிட்டார். யோகா என்று பெயர். கண்ணை மூடி ஓம் என்கிறார். இந்தியர்கள் பிரார்த்தனை செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். யோகராசா கண்ணைத் திறந்து, எல்லோரும் கைகூப்பி நிற்பதைப் பார்த்து, என்ன நடக்கிறது என்று விளங்காமல் தானும் கைகூப்பினார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் பாஷையில் அதற்கு அர்த்தம் சரி என்பதுதான் என்று நான் விளக்கியதும் நானா உட்கார்ந்தே விட்டாள். முதியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இவ்வளவு பக்தியாக யாரும் இதுவரை சரி சொன்னதில்லை."

மஞ்சள் கயிற்றைக் கட்டும்போது யோகராசாவின் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. வெந்து ஆறிய உள்ளங்கை குளிரில் மடங்கவில்லை. இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டுத் திணறினார். மூன்றாவது முடிச்சு மாப்பிள்ளையின் தங்கை போடுவது என்று நானாவிடம் சொன்னேன். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து என் பின்னால் நின்று அழுத்தமாக ஒரு முடிச்சுப் போட்டாள். அந்த முடிச்சை இன்றுவரை அவிழ்க்க முடியவில்லை.

மலையைக் கடைசிவரை பார்க்கவில்லை. எங்கள் கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் பின்னால் வெறும் வெள்ளைதான்.

7

திரும்பி வந்ததும் அண்ணனுக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டான். "ஏட்டி, இந்த வயசுல இது என்னட்டி," என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு இன்னும் பேசவில்லை. மதினி பேசுகிறாள். போன வாரம் பேசும்போது, "உங்க அண்ணன் பக்கத்துலதான் இருக்காவ, காதக் குடுத்துக்கிட்டு," என்றாள். இப்போதைக்கு அது போதும்.

யோகராசா இன்னும் சோஹாரில்தான் வேலை பார்க்கிறார். வியாழன் மாலை வருவார், சனி மாலை போவார். வேலை மாற்றத்துக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார். அதற்கும் தாள்கள் நகர்ந்துகொண்டிருக்கின்றன. வியாழன் டியூட்டி முடிந்து வருகிறபோது உள்ளேயிருந்து சொதி வாசம் வரும். கதவுக்கு வெளியே ஒரு நிமிடம் சும்மா நின்றுவிட்டுத்தான் சாவியைப் போடுவேன். இருபத்தாறு வருடத்தில் இந்த நாடு எனக்குச் சொந்தமாக ஒன்றும் எழுதிக்கொடுத்ததில்லை. விசா தீர்ந்தால் போக வேண்டியவள்தான். ஆனாலும் அண்ணன் வீட்டு மூலையில் கிடந்திருக்க வேண்டிய ஒருத்தியை ஐம்பதுக்கு மேல் பட்டுச்சேலை கட்டவைத்தது இந்த ஊர்தான். அக்கம்பக்கத்து ஏழு வீட்டில் ஆறு நாட்டுக்காரர்கள். ஒருவரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. எதிர்வீட்டு சிரியாக்காரி மட்டும் "மப்ரூக்" என்று வாழ்த்தி ஒரு தட்டு இனிப்புக் கொடுத்துவிட்டுப் போனாள்.

டிசம்பரில் நிவி பத்து நாள் வந்தாள். முதல் இரண்டு நாள் அவரிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசினாள், ஆபீசில் பேசுகிற மாதிரி. மூன்றாம் நாள் அவர் தயங்கித் தயங்கி, "மகள், கொஞ்சம் கதைப்பமா?" என்று கேட்டார். அவர் கதை சொல்லப்போகிறார் என்று நினைத்து அவள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து காத்திருந்தாள். அவரோ, அவள் ஏதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார். ஐந்து நிமிடம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கதைப்பது என்றால் அவர் ஊரில் பேசுவது என்று நான் வந்து விளக்கினேன். அவள் சிரித்தாள். ஆனாலும் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், பத்து நாளும் பெயர் சொல்லாமலே சமாளித்துவிட்டுப் போனாள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்தாள். நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பம் போடுகிறாளாம். குடும்பத்தார் விவரம் கேட்டிருக்கிறார்களாம்.

"அம்மா, marital status-ல உனக்கு widow-னு type பண்ணிட்டேன், பழக்கத்துல. அப்புறம் அழிச்சிட்டு married போட்டேன். கீழ spouse details கேக்குது. அவர் இருக்காரா? குடு."

காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"Full name சொல்லுங்க." சொன்னார். "பிறந்த ஊர்?"

"களுவாஞ்சிக்குடி."

"கலு... ஐயோ, spelling சொல்லுங்க."

அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நடுவில் அவள் தொலைந்துபோனாள். மறுபடி முதலிலிருந்து சொன்னார். "கட்டத்துல இடமே இல்ல. அவ்ளோ பெரிய ஊரா?"

"ஊர் சின்னது மகள். பேர்தான் நீளம்."

"Date of birth?" சொன்னார். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது. "அடுத்த மாசமா? சொல்லவே இல்ல? என்ன cake பிடிக்கும்? நான் இங்கேர்ந்தே order போடுறேன்."

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். முகத்தில் கலவரம். முப்பது வருடம் அறைகளிலும் தொழிலாளர் கேம்ப்களிலும் இருந்த மனிதர்; அவர் பிறந்தநாளை இங்கே விசாத் தாளுக்குத் தவிர யாரும் கேட்டதில்லை.

"கோமதி, பிள்ளை என்ன கேக் விருப்பம் எண்டு கேக்குது. என்ன சொல்ல?"

எனக்கும் தெரியவில்லை. ஒரு வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன், நான் கேட்டதே இல்லை.

"அவ உங்ககிட்டதான கேக்கா? நீங்களே சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, அவர் பாதியில் விட்ட காயை நறுக்க உட்கார்ந்தேன்.